ஒரு தடவை சொன்னது

பந்து கோலுக்குள் போனதைப் பரஸ்தூ தன் கண்ணாலேயே பார்த்தாள். விசிலை ஊதி, கையை நடுக்கோட்டை நோக்கி நீட்டி, கோல் என்று அறிவித்தும் விட்டாள். ஒரே ஒரு சங்கடம்தான். கோல்கீப்பர் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இது என்னக்கா, முலாம்பழமா?" என்று கேட்டாள் கோல்கீப்பர்.

அரங்கத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஈரானின் யஸ்த் மாகாணத்துப் பெண்கள் உள்ளரங்கக் கால்பந்தில் நடுவர் பரஸ்தூவின் விசிலுக்குத் தனி மரியாதை உண்டு. பெரியப்பா மகளையே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியவள் அவள். அந்தப் பெரியப்பா வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று போயும் அட்டையைத் திரும்பப் பெறவில்லை. அப்படிப்பட்டவள் அன்று முதன்முதலாகத் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டாள். முகம் சுட்டது.

உண்மையில் அவள் பார்த்தது பொய்யில்லை. அவள் பார்வையில் பந்து எப்போதும் ஒன்றாக வந்ததில்லை. அசல் பந்துக்குக் கீழே இன்னொரு மங்கலான பந்து ஒட்டிக்கொண்டே வரும். இத்தனை நாளும் மேலே இருக்கும் பந்தை மட்டும் நம்பி ஆட்டத்தை நடத்திவந்தாள். அன்று பார்த்து நிழல் பந்து முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி அர்சலானைப் பிடித்துக்கொண்டாள்.

"தெருவிளக்கு உனக்கு எப்படிடா தெரியுது?"

"விளக்கு மாதிரி தெரியுது."

"வால் இருக்கா?"

"யாருக்கு?"

"விளக்குக்குடா. கீழ் பக்கம் நீட்டமா, சீப்பு வச்சு இழுத்துவிட்ட மாதிரி ஒரு வால்."

அர்சலான் தன் கைப்பேசிக் கடை வாடிக்கையாளர்களைப் பார்ப்பது போல அவளை ஏற இறங்கப் பார்த்தான். "விளக்குக்கு வால் இருக்காது அக்கா. நீ நாளைக்கே டாக்டரைப் பாரு."

பரஸ்தூவுக்கு அது பெரிய அதிசயமாகப் போய்விட்டது. இருபத்தொன்பது வயது வரைக்கும் எல்லோருக்கும் விளக்குகளில் வால் உண்டு என்றே நினைத்திருந்தாள். நிலா என்பது மூன்று நான்கு நிலாக்களின் கொத்து, எழுத்து என்பது தன் நிழலோடு சேர்ந்தே பிறப்பது என்றெல்லாம் நம்பியிருந்தாள். அடுத்த சில நாட்கள் பள்ளிக்கூடத்தில் (பகலில் அவள் உடற்பயிற்சி ஆசிரியை) எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, உனக்கு எத்தனை நிலா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஒன்று என்றார்கள். ஒருவர் கூட ஒன்றரை என்று சொல்லவில்லை.

கண் பரிசோதனை அவளுக்குப் புதிதல்ல. கல்லூரியில் படிக்கும்போதே கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக்கடைக்காரரிடம் அம்மா கூட்டிப்போயிருக்கிறாள். பெரியவர், தங்கமான மனிதர். எழுத்துகள் நாலு திசைக்கும் திரும்பி நிற்கும் அட்டையைக் காட்டி, எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது என்று கேட்டார். பரஸ்தூ பாதி பார்த்தும் பாதி ஊகித்தும் கையை நீட்டிக் காட்டினாள். பிறகு கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா மகளே?"

இரண்டிலும் எழுத்துகள் நனைந்த மையாகத்தான் கலங்கிக் கிடந்தன. ஆனால் மனிதர் இவ்வளவு பாடுபடுகிறாரே, முகத்தில் அடித்தாற்போல எப்படிச் சொல்வது?

"ரெண்டுமே பிரமாதம் ஐயா. உங்க கைக்கு நோவு வராம இருக்கட்டும்."

"உன் கண்ணுக்கும் நோவு வராம இருக்கட்டும்," என்று அவரும் மனம் குளிர்ந்து ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். போட்டால் தலை வலித்தது. வருஷா வருஷம் போய், பிரமாதம் என்று சொல்லி, புதிதாக ஒரு தலைவலியை வாங்கி வந்தாள். பெரியவர் மேல் தப்பே இல்லை. யஸ்தில் உபசாரம் என்பது தண்ணீரோடு குடித்து வளர்வது. ஆடுகளத்தில் யாருக்கும் அஞ்சாதவள், நாற்காலியில் உட்கார வைத்து ஒருவர் அக்கறையாகக் கேட்டுவிட்டால் வெண்ணெயாக உருகிவிடுவாள்.

இந்தத் தடவை அம்மா கூட்டிப்போனது ஒரு பெரிய மருத்துவமனைக்கு. டாக்டர் சபூரி ஐம்பதைத் தொடும் பெண்மணி, ஆபாதான்காரர். அந்த ஊர்க்காரர்கள் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் தூங்கக் கூட மாட்டார்கள் என்று நாடே கேலி செய்யும். அதற்கேற்ப அவரும் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தலைத்துணிக்கு மேல் ஏற்றிவிட்டபடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார்.

அம்மா எஃபத், வீட்டில் செய்த கொத்தாப் பெட்டியை முதலில் நீட்டினாள். பாதாம் வைத்துப் பொரித்து, சர்க்கரைப் பொடியில் புரட்டிய உருண்டைகள். "கையால செஞ்சது, ஒண்ணுமில்லாத பொருள். ஒரு வாய்..."

டாக்டர் உடனே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லா இருக்கு. பசியோட இருந்தேன்."

எஃபத்தின் கை பெட்டியோடு அப்படியே நின்றது. அடுத்து இரண்டு தடவை வற்புறுத்துவதற்கான வார்த்தைகள் வாய் வரை வந்திருந்தன. அவை வீணாகிப் போனதில் அவளுக்கு ஏமாற்றம். முதல் தடவை வேண்டாம், இரண்டாவது தடவை ஐயோ வேண்டாம், மூன்றாவது தடவை சரி உங்களுக்காக. இதுதானே முறை? முதல் தடவையே எடுத்துக்கொள்கிற மனுஷியை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

இயந்திரத்தின் முன்னால் பரஸ்தூவின் தாடையை வைத்து, கருவிழியைப் படமெடுத்தார்கள். திரையில் வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் வந்தது. சுற்றிலும் நீலம், பச்சை. நடுவுக்குச் சற்றுக் கீழே நெருப்பாகச் சிவப்பு.

"கண்ணோட முன்பக்கத்துக் கண்ணாடி உருண்டையா இருக்கணும். உனக்கு அது மெலிஞ்சு போய், தணல்ல போட்ட ரொட்டி ஒரு இடத்துல உப்புற மாதிரி உப்பியிருக்கு," என்றார் டாக்டர். "கூம்பாயிடுச்சு. அதான் ஒரு பொருள் பலதாத் தெரியுது. சின்ன வயசுல கண்ணை ரொம்பக் கசக்குவியா?"

"புழுதிக் காத்து அடிச்சா கண்ணு அரிக்கும், டாக்டரம்மா. விரல் முட்டியால கசக்குவேன்," என்றாள் பரஸ்தூ. பிறகு ஆவல் தாங்காமல் திரையை நெருங்கினாள். "இந்தச் சிவப்புதான் என் நிழல் பந்தா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ஆமா, உன் நிழல் பந்து பிறந்த ஊர் அதுதான்." பழைய கண்ணாடியைத் தூக்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இதைப் போட்டா உனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதே. ஏன் சொல்லலை?"

"அவர் ரொம்ப நல்லவர்."

"நல்லவரா இருந்தா? ஆரம்பத்திலேயே வந்திருந்தா, மஞ்சள் சொட்டு மருந்து விட்டு ஊதா வெளிச்சம் காட்டி ரெண்டு கண்ணையும் அப்படியே நிறுத்தியிருப்பேன். இடது கண்ணுக்கு இன்னும் அதைப் பண்ணலாம். வலது கண்ணுல தழும்பே விழுந்துடுச்சு. கருவிழியை மாத்தணும்." விரலை நீட்டினார். "என் நாற்காலியில உபசாரம் கூடாது, கேட்டியா?"

"ஐயோ, நாங்க எங்க உபசாரம் பண்றோம்," என்றாள் எஃபத், இன்னொரு கொத்தாப்பை நீட்டியபடி. டாக்டர் அதையும் எடுத்துக்கொண்டார்.

'உபசாரம் பண்ணாதே' என்பதே உபசாரங்களில் தலையாயது என்பது யஸ்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். விருந்தாளியிடம் அதைச் சொல்லாத வீடு கிடையாது. ஆகவே டாக்டர் சொன்னதை அம்மாவும் மகளும் அந்தக் கணக்கில்தான் வரவு வைத்தார்கள்.

இலையுதிர் காலத்தில் தானமாக ஒரு கருவிழி வந்து சேர்ந்தது. யாருடையது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கேட்காமல் இருக்க முடியுமா?

"ஆம்பளையா பொம்பளையா, அதையாவது சொல்லுங்க டாக்டரம்மா. கால்பந்து பார்க்கிற ஆளா?"

"அது சன்னல் கண்ணாடி. வெளிச்சத்தை உள்ள விடும். முன்னால இருந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அதுக்கு ஞாபகம் இருக்காது."

மயக்க மருந்தில் அமிழ்ந்து எழுந்தபோது வேலை முடிந்திருந்தது. நடுவில் மெலிந்த வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, புது வட்டத்தை வைத்து, முடியை விட மெல்லிய நூலால் நட்சத்திர வடிவில் தைத்திருந்தார்கள். கட்டைப் பிரித்த காலையில் எல்லாம் பனிமூட்டமாக இருந்தது. நாளாக நாளாகப் பனி விலகியது. ஒரு மாலை மொட்டை மாடியில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். எதிர்த்தெருவில் ஒரு விளக்கு. ஒரே ஒரு விளக்கு. ஓரம் கொஞ்சம் கோணல், ஆனால் வால் இல்லை. பரஸ்தூ குழந்தை மாதிரி அழுதாள். அர்சலானைக் கூப்பிட்டு, "வால் இல்லைடா, வால் இல்லைடா," என்று அவன் தோளைக் குலுக்கினாள். பக்கத்து மாடியில் துணி உலர்த்திய அம்மாள், யார் வீட்டுப் பூனைக்கு என்ன ஆயிற்றோ என்று எட்டிப்பார்த்தாள்.

வசந்தத்தில் வரும் பாரசீகப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சபூரி கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு சீட்டில் தன் சொந்தக் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

"கண்ணு சிவந்தா, வெளிச்சம் பட்டுக் கூசினா, வலிச்சா, மங்கினா, அந்த நிமிஷமே எனக்குப் போன் பண்ணு. விடுமுறையா இருந்தாலும் சரி."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றார்கள் தாயும் மகளும் ஒரே குரலில்.

டாக்டர் ஏற்கெனவே அடுத்த நோயாளியை அழைத்துவிட்டிருந்தார்.

புத்தாண்டு பிறந்தது. மேசையில் பண்டிகைக்கென்று முளைவிட்ட கோதுமை, பூண்டு, ஆப்பிள், தொட்டியில் மீன். வீட்டுக்கு வீடு போவதும், போன வீட்டுக்காரர்கள் திரும்பி வருவதுமாக ஊரே மும்முரமாக இருந்தது. அந்த அமளியில்தான் பரஸ்தூவின் வலது கண் சிவந்தது.

முதலில் தூக்கக் குறைவு என்று நினைத்தாள். அடுத்த நாள் முற்றத்து வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாடியிலிருந்து பார்த்தபோது எதிர்த்தெரு பனியில் இருந்தது. பனியே இல்லாத ஊர் அது.

தரையில் விரித்த சாப்பாட்டுத் துணியைச் சுற்றிக் குடும்பம் கூடிப் பேசியது.

"டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணலாம்," என்றாள் பரஸ்தூ.

"புத்தாண்டுலயா?" எஃபத் கரண்டியைக் கீழே வைத்தாள். "வீடு நிறைய விருந்தாளி இருப்பாங்கடி. அந்த நேரத்துல கண்ணு சிவந்துடுச்சு, மூக்கு சிவந்துடுச்சுன்னு..."

"பண்ணச் சொன்னாங்களேம்மா."

"எத்தனை தடவை சொன்னாங்க?" என்று கேட்டான் அர்சலான். வழக்கறிஞர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

பரஸ்தூ யோசித்தாள். "ஒரு தடவை."

"நல்லா யோசி. வாசல் வரைக்கும் வந்து திரும்பச் சொன்னாங்களா?"

"இல்லை. ஒரு தடவைதான்."

"அப்ப முடிஞ்சு போச்சு. மனசாரச் சொல்றவங்க மூணு தடவை சொல்லாம விடுவாங்களா? நான் கூடத்தான் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் காசு வேண்டாம், சும்மா எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றேன். எவனாவது எடுத்துட்டுப் போனா நான் என்ன ஆகிறது? போதாக்குறைக்கு ஆபாதான்காரங்க வேற. அவங்க பேச்சுல பாதி வாய்ப்பந்தல்."

"விடுமுறை முடிஞ்சதும் முதல் ஆளாப் போய் நிப்போம். அதுவரைக்கும் உன் சொட்டு மருந்தை விட்டுக்கோ, கண்ணு," என்றாள் எஃபத். அவள் குரலில் அக்கறை இல்லாமல் இல்லை. மகளின் முகத்தைக் கையால் மூடி வெளிச்சத்தை மறைத்தாள். ஆனால் ஒரு பெரிய மனுஷியின் பண்டிகையைக் கெடுத்தோம் என்ற பெயரும் அவளுக்குக் கூடாது.

பரஸ்தூ ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிற சாக்கில் பேசினால் யாருக்கு என்ன குறை? டாக்டரே கண்ணைப் பற்றிக் கேட்பார், அப்போது மெதுவாகச் சொல்லிவிடலாம். அறைக்குள் போய், திரையை இழுத்துவிட்டு, எண்ணை அழுத்தினாள். பின்னணியில் பாட்டும் சிரிப்புமாகக் கேட்டது.

"டாக்டரம்மா, உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

"உனக்கும் வாழ்த்துகள். கண்ணு எப்படி இருக்கு?"

இதோ, வந்துவிட்டது கேள்வி. பரஸ்தூ வாயைத் திறந்தாள்.

"உங்க தயவுல ரொம்ப நல்லா இருக்கு, டாக்டரம்மா."

"சந்தோஷம்." போன் வைக்கப்பட்டது.

பரஸ்தூ கைப்பேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் பேசியது அது? அவள் நாக்குதான், ஆனால் அவளைக் கேட்காமலேயே பேசிவிட்டது. தன் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சிவப்பு அட்டை கையில் இருந்திருந்தால் தனக்கே காட்டிக்கொண்டிருப்பாள்.

பிற்பகலில் சித்தியும் அவள் கணவரும் வந்தார்கள். எஃபத் கொத்தாப் தட்டை நீட்டினாள். "ஒண்ணு எடுத்துக்கோ."

"வேண்டாம், இப்பதான் சாப்பிட்டோம்," என்றாள் சித்தி.

"என் தலைமேல ஆணை, ஒண்ணு."

"உன் கைக்கு நோவு வராம இருக்கட்டும், முடியாது அக்கா."

"எடுக்கலைன்னா கோவிச்சுக்குவேன்."

"சரி, உனக்காக," என்று சித்தி இரண்டு எடுத்துக்கொண்டாள்.

இருட்டான மூலையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பரஸ்தூ அந்தத் தட்டையே உற்றுப் பார்த்தாள். இந்த நாடகத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். ஆனால் இன்றைக்கு அதில் ஏதோ உறுத்தியது. தட்டு, கொத்தாப், சர்க்கரைப் பொடி. சட்டென்று டாக்டர் சபூரியின் கை ஞாபகம் வந்தது. முதல் தடவை நீட்டியதுமே எடுத்துக்கொண்ட கை. நல்லா இருக்கு, பசியோட இருந்தேன் என்ற வாய்.

முதல் தடவையே எடுத்துக்கொள்கிற மனுஷி, சொல்வதையும் ஒரு தடவைதானே சொல்வாள்?

பரஸ்தூ எழுந்தாள். தான் ஆடுகளத்தில் எத்தனை தடவை விசில் ஊதுகிறோம் என்று யோசித்தாள். ஒரு தடவைதான். இன்னும் இரண்டு தடவை ஊதட்டும், அப்புறம் நிற்கிறேன் என்று எவளாவது ஓடிக்கொண்டே இருந்தால் அவளை என்ன செய்திருப்பாள்? இங்கே மூன்று நாளாக விசிலுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருப்பது அவளேதான்.

விருந்தாளிகள் முன்னாலேயே எண்ணை அழுத்தினாள். எஃபத் கண்ணால் அதட்டினாள். பரஸ்தூவுக்கு அது சரியாகத் தெரியவில்லை. தெரியாததும் நல்லதாகப் போயிற்று.

"மறுபடியும் வாழ்த்தா?" என்றார் டாக்டர்.

"நான் பொய் சொன்னேன். கண்ணு சிவந்திருக்கு. வெளிச்சம் குத்துது. எல்லாம் மங்கலா இருக்கு."

சலாம் கூடச் சொல்லவில்லை! சித்தி கையிலிருந்த கொத்தாப்பைத் தட்டில் வைத்துவிட்டாள். எஃபத் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுமுனையில் பாட்டுச் சத்தம் தள்ளிப் போனது. "எப்பலேர்ந்து?"

"மூணு நாளா."

"மூணு நாளா! ஏன் கூப்பிடலை?"

"நீங்க ஒரு தடவைதானே சொன்னீங்க."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வா," என்றார் டாக்டர். "வா. வா. மூணு ஆயிடுச்சா? கிளம்பு."

மருத்துவமனை விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்தது. டாக்டர் சபூரி புதுச் சட்டையோடு, தலையில் அதே கறுப்புக் கண்ணாடியோடு ஓடிவந்தார். கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மூச்சு விடுவது பரஸ்தூவுக்குக் கேட்டது.

"உன் உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்குது," என்றார் கடைசியில். "வீங்கிப் போயிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா, பேசவே வேண்டியதில்லை."

"காப்பாத்திடலாமா?"

"தெரியலை. மணிக்கு ஒரு தடவை மருந்து விடணும். இப்ப ஊசியும் போடணும். அப்புறம்தான் தெரியும்."

எஃபத் முன்னால் வந்தாள். அவள் கையில் பெட்டி எதுவும் இல்லை. "தப்பு என் மேலதான், டாக்டரம்மா. பண்டிகை நாள்ல உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நான்தான்..."

டாக்டர் நிமிர்ந்தார். கோபமாகத்தான் இருந்தார், ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"இந்தக் கருவிழி எப்படி வந்துச்சு தெரியுமா உங்களுக்கு? ஒரு வீட்டுல சாவு. அழுதுக்கிட்டு இருக்கிறவங்ககிட்ட போய் எங்க ஆள் கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அந்த நேரத்துல ரெண்டாவது தடவை கேக்க எந்த மனுஷனுக்கும் வாய் வராது. அவங்க முதல் தடவையே சரின்னுட்டாங்க." மருந்துப் புட்டியின் மூடியைத் திறந்தார். "அவங்க உங்ககிட்ட உபசாரம் பார்க்கலை."

பரஸ்தூவின் கண்ணில் முதல் சொட்டு விழுந்தது. அது மருந்தா, அவளுடைய சொந்தத் தண்ணீரா என்று பிரிக்க முடியாதபடி கன்னத்தில் வழிந்தது. எஃபத் தன் தலைத்துணியின் நுனியால் அதைத் துடைக்கப் போனாள். "கண்ணைத் தொடாதீங்க," என்றார் டாக்டர். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். வெளியே வராண்டாவில் அர்சலான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த விடுமுறை முழுவதும் வீட்டில் விருந்தாளிகளுக்குக் கதவு திறக்கவில்லை. மணிக்கொரு தடவை அர்சலானின் கைப்பேசி அடிக்கும், எஃபத் புட்டியை எடுப்பாள். பதின்மூன்றாம் நாள் வீட்டில் தங்கக்கூடாது என்ற வழக்கப்படி ஊர் முழுக்கப் பாயும் தேநீர்க் கெட்டிலுமாகத் தோட்டங்களுக்குப் போனது. இவர்கள் திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து புளிப்பான ஷூலிக் கஞ்சி குடித்தார்கள். தினமும் பரஸ்தூ இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். தினமும் வெறும் வெள்ளைதான். ஒரு நாள் வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கோடு அசைவது தெரிந்தது. நொடி முள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளும் அது இருந்த பிறகுதான் சொன்னாள்.

கோடையில் பனி முழுவதும் விலகியது. அடுத்த இலையுதிர் காலத்தில் நூல்களை எடுத்தார்கள். பார்வையைச் சரிக்கட்டக் கண்ணாடி எழுதிக்கொடுக்கவேண்டிய நாளில் மூன்று பேருமே டாக்டர் சபூரியின் அறைக்குப் போனார்கள். முன்னால் இருந்த ஒரு முதியவரை வாசல் வரை கொண்டுவிட வந்தார் டாக்டர்.

"சிவந்தா போன் பண்ணுங்க ஐயா. போன் பண்ணுங்க. போன் பண்ணுங்க."

"மூணு தடவை சொல்லி வெக்கப்படுத்துறீங்களே," என்று முதியவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். "கண்டிப்பாப் பண்றேன்."

பரஸ்தூ நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே அட்டை. வலது கண்ணுக்கு முன்னால் டாக்டர் ஒரு வில்லையைப் போட்டார், பிறகு இன்னொன்றைப் போட்டார்.

"எது நல்லா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?"

பழைய நாக்கு உள்ளே புரண்டது. பிரமாதம் என்ற சொல் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. பரஸ்தூ அதை அப்படியே விழுங்கினாள்.

"ரெண்டும் நல்லா இல்லை, டாக்டரம்மா."

பின்னால் எஃபத் மூச்சை இழுத்தாள். "அடியே, ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு சொல்லக்கூடாதா? எவ்வளவு பாடுபடுறாங்க."

"நல்லா இருந்தா சொல்றேன்மா."

டாக்டர் சபூரியின் முகம் மலர்ந்துபோயிற்று. இத்தனை மாதத்தில் இவர்கள் கொடுத்த எந்தப் பெட்டிக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. மரப்பெட்டியில் விரலை ஓட்டி வேறொரு வில்லையை எடுத்து, மெதுவாகத் திருப்பிப் பொருத்தினார்.

அட்டையின் கடைசி வரியில் பொடிப்பொடியான எழுத்துகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒன்றாக, பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக. பரஸ்தூ அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ முகம் தெரியாதவர்கள், ஒரே தடவை கேட்டதற்குக் கொடுத்த வெளிச்சம் அது. அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிச் சொல்ல வழியில்லை. யார் வீடு என்று கடைசி வரைக்கும் தெரியப்போவதும் இல்லை.

"என்ன, சொல்லு," என்றார் டாக்டர்.

"தெரியுது," என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள்.